யாரையும் புண்படுத்தாத வகுப்பு

1

மனிதர் எல்லாரும் சமம் என்று படிப்பதற்கும் இங்கே வரவுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குப் பகிடியாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

என் மகள் அனுஷா பலெர்மோவில் ஆசிரியர்களை உருவாக்குகிற ஒரு கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் ஆட்களில் வீடு கூட்டப் போகாமல் படிக்கப் போன முதல் சில பிள்ளைகளில் ஒருத்தி. அந்தக் கல்லூரியில் புதிதாக ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். வேற்று நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்கு வரத் தொடங்கிவிட்டார்களாம். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் அவர்களோடு எப்படிப் பழகுவது, எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொள்ள வேண்டுமாம். விருப்பம் என்றால் போகிற வகுப்பு இல்லை. போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

நல்ல விஷயம்தானே என்று சொன்னேன். பத்து வருடத்துக்கு முந்தி நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோது எங்களோடு எப்படிப் பழகுவது என்று யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையிலிருந்து எழும்பிப் போவார்கள். அதற்கு இப்போது வகுப்பு வைக்கிறார்கள் என்றால் முன்னேற்றம்தான்.

"உங்களுக்கு விளங்கேல்லை அப்பா," என்றாள் அனுஷா. "அந்த வகுப்பிலை இருக்கிற ஒரே ஒரு வெளிநாட்டு ஆள் நான்தான்."

வகுப்பின் முதல் நாளே பேராசிரியை கரும்பலகையில் விதிகளை எழுதிப் போட்டிருக்கிறார். யாரையும் புண்படுத்தக் கூடாது. கேள்வி கேட்பதற்கு முன் அது மற்றவரை நோகச் செய்யுமா என்று யோசிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்காமல் விடுவது நல்லது. பிறகு பாடம் தொடங்கியிருக்கிறது. கல்யாணம் என்ற பாடம் வந்தால் எல்லாத் தலையும் அனுஷா பக்கம் திரும்பும். சாப்பாடு என்றால் அனுஷா. செத்த வீடு என்றாலும் அனுஷா. எட்டு வயதில் ஊரை விட்டு வந்தவள், செத்த வீட்டைப் பற்றி என்ன சொல்வாள்? எனக்குத் தெரிந்ததை இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுக்கொண்டு போய் அடுத்த வகுப்பில் சொல்வாள்.

"பேராசிரியை நல்லவதான். ஆனால் அங்கை ஒருத்தரும் என்னோடை வாதாடினம் இல்லை. நான் பிழையாய் ஒண்டைச் சொன்னாலும் தலையாட்டினம். நேற்று வேணுமெண்டே ஒரு விசர்க்கதை சொன்னனான். எங்கடை ஊரிலை செவ்வாய்க்கிழமையிலை ஆம்பிளையள் ஒருத்தரும் கதைக்கிறேல்லை எண்டு. எழுதி எடுத்தவை அப்பா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2

அனுஷா வாதாடப் பிறந்தவள். அப்படி அவளை ஆக்கியது குவெஸ்துரா. வெளிநாட்டாருக்கு இருப்பு அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோர். ‘பெர்மெசோ’ என்கிற அந்தக் கடதாசி இல்லாவிட்டால் இங்கே நாங்கள் இருந்தும் இல்லாதவர்கள். அதைப் புதுப்பிக்க விடியமுன்னம் போய் வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்குப் பாஷை தெரியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளைத்தான் இழுத்துக்கொண்டு போவோம்.

பத்து வயதிலேயே அனுஷா எனக்கு மட்டுமில்லை, பின்னால் நிற்கிற ஐந்தாறு குடும்பங்களுக்கும் வாயாக இருந்தாள். கண்ணாடி யன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "இன்னொரு கடதாசி வேண்டும், நாளைக்கு வா" என்பார். நாங்கள் பெரியவர்கள் "சரி சிஞ்ஞோரே" என்று திரும்பிவிடுவோம். அவள் திரும்பமாட்டாள். "போன முறை வேறு கடதாசி சொன்னீர்கள். இன்றைக்கு இது. இரண்டையும் ஒரே நாளில் ஏன் சொல்லவில்லை?" என்று பலெர்மோச் சந்தைக்காரிகளின் அதே இழுவையில் கேட்பாள். நாங்கள் அவள் சட்டையைப் பிடித்து இழுப்போம். ஆனால் யன்னல்காரர் சில நேரம் சிரித்துவிட்டு முத்திரை குத்தித் தந்துவிடுவார்.

வீட்டிலும் அப்படித்தான். எதைச் சொன்னாலும் ஒரு "மா பப்பா" வரும். இத்தாலியனில் ‘ஆனால் அப்பா’ என்று அர்த்தம். சோறு வடிப்பதிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பது வரைக்கும் ‘ஆனால் அப்பா’ இல்லாமல் எங்கள் ஒரேத்தோத் தெரு வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு தமிழை விட்டுவிட்டு இத்தாலியனுக்குள் போய் மறைந்துகொண்டார்கள். சண்டைகூடக் கிடையாது, கதவைச் சாத்திவிடுவார்கள். என்னுடையவள் தமிழில் சண்டை பிடிப்பதற்காகவே தமிழை விடாமல் வைத்திருந்தாள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று என் மனைவி புஷ்பத்துக்குத் தெரியும்.

"கொஞ்சம் அடக்கி வையுங்கோ. நாளைக்குப் போற இடத்திலை மாமிக்காரி என்ன சொல்லுவா?" என்பாள் புஷ்பம்.

"மாமிக்காரிதான் பயப்பிட வேணும்," என்பேன்.

3

எங்கள் ஆட்கள் விவாதம் நடத்துகிற விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலடி மண்டபத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும். பூசை முடிந்ததும் பாதிரியார் மண்டபத்துத் திறப்பைத் தருவார். சைவப் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் படிப்பார்கள். அங்கே நான்தான் மாஸ்ரர். கிழமை நாட்களில் ஒரு வயோதிப வழக்கறிஞரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, கையைப் பிடித்து நடக்க வைக்கிறவன். அவரோடு நான் பேசும் இத்தாலியன் எழும்புங்கள், சாப்பிடுங்கள், மாத்திரை, சரி என்பதோடு முடிந்துவிடும். கேட்டால் எல்லாம் விளங்கும், பேசத்தான் நாக்கு வளையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் நான் வாய் திறக்கிற நாள்.

வருடத்துக்கு ஒருமுறை விவாதப் போட்டி. ‘நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா?’ இதுதான் தலைப்பு, எந்த வருடமும். இரண்டு பக்கத்துப் பேச்சையும் நானே எழுதிக் கொடுப்பேன். பிள்ளைகள் பாடமாக்கி வந்து கையை ஆட்டிச் சொல்வார்கள். எதிர்ப்பக்கம் சொல்வதை மறுத்துப் பேசுவதற்கு ஐந்து நிமிடம் உண்டு. அந்த மறுப்புரையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை எதிர்ப்பக்கப் பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. என் மாணவன் மேடையில் ஏறி, யாருமே சொல்லாத கருத்துகளை ஒவ்வொன்றாக மறுத்துவிட்டு இறங்கினான். அவனுக்குத்தான் முதற் பரிசு.

ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எங்களுக்கும் இப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் நான் படித்த கம்பஸில் வேறு மாதிரி இருந்தது. அங்கே ஒரு விவாதக் கழகம் வைத்திருந்தோம். யோகன் என்று ஒரு கூட்டாளி. சுவர்ப் பத்திரிகையும் அவன்தான் எழுதி ஒட்டுவான். அரசாங்கத்தையும் கிழிப்பான், துவக்குத் தூக்கின எங்கள் இயக்கப் பொடியளையும் கேள்வி கேட்பான். பேச்சை எழுதிக்கொண்டு வருகிறவனை மேடையில் ஏறவிடமாட்டான். "எழுதினதைப் படிக்கிறதெண்டால் தபாலிலை அனுப்படா, உனக்கு ஏன் மேடை?" என்பான்.

ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசாங்கத்து ஆமி இல்லை. விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னவர்கள் நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள்தான். அவன் திரும்பி வரவில்லை. அடுத்த கிழமை விவாதக் கழகத்தின் தலைப்பு ‘நகர வாழ்க்கையா, கிராம வாழ்க்கையா?’ என்று மாறியது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் போய்ப் பேசினேன், கிராமத்தின் பக்கம்.

இதை அனுஷாவுக்கு ஒருநாள் குசினியில் வைத்துச் சொல்லியிருந்தேன். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோசத்தில் சொன்ன கதை. வெளியில் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவும் இல்லை.

4

கல்லூரி வகுப்பின் கடைசி நாள் ‘திறந்த விவாதம்’ என்று பேராசிரியை அறிவித்தார். குடும்பங்களையும் கூட்டிவரலாம். தமிழ் ஆட்கள் வந்தால் நடனமும் பலகாரமும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அனுஷாவிடம் கேட்டிருக்கிறார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் புளுகம் தாங்கவில்லை. பெண்கள் ரோல்ஸும் பற்றிஸும் பொரித்தார்கள். சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் நடனத்துக்கு. பெட்டிகளைத் தூக்கவும் பாட்டுப்பெட்டியைப் போடவும் ரவி வந்தான். ரவி யார் என்றால், வீடு வீடாக வந்து இயக்கத்துக்குப் பங்களிப்பு வாங்குகிறவன், ஊர்ச் செய்தி கொண்டு வருகிறவன், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறவன். நல்ல பொடியன் என்றுதான் எல்லாரும் சொல்வோம். வேறு விதமாகச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

அனுஷாவுக்கு நான் பேச்சு எழுதிக் கொடுத்தேன். தமிழில் எழுதினேன், அவள் இத்தாலியனுக்கு மாற்றினாள். ‘பல நிறப் பூக்கள் ஒரு தோட்டம்’ என்கிற மாதிரியான பேச்சு. மறுப்புரையும் எழுதினேன். வெளிநாட்டார் அழுக்கு என்று சொன்னால் இது, சத்தம் போடுகிறார்கள் என்று சொன்னால் இது என்று. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது கோயிலடி மண்டபம் இல்லை," என்றாள். ஆனாலும் பாடமாக்கினாள்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மாணவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். ஒவ்வொரு மாணவராக எழும்பி அழகாகச் சொன்னார்கள். வேறுபாடு ஒரு செல்வம். வெளிநாட்டார் நமக்குப் பரிசு. எனக்கு என் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. எல்லாருடைய பேச்சையும் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தது போல இருந்தது. அனுஷாவும் என் பூக்களைச் சொன்னாள். கைதட்டினார்கள். பேராசிரியை யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். கேட்கிற வழக்கத்துக்குக் கேட்டார்.

ஒரு பொடியன் எழும்பினான். சால்வோ என்று பேர், பிறகுதான் தெரியும். சியாகுல்லித் தோட்டப் பக்கத்து ஆள். தகப்பன் மண்டரின் தோடம்பழம் ஆய்கிறவர். இத்தாலியனும் சிசிலியனும் கலந்து பேசினான், சந்தையில் கேட்கிற அதே பேச்சு.

"அனுஷாவிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றான். "என் அம்மா ஒரு பணக்காரச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்தாள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதிலிருந்து. ஒருநாள் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். வீட்டிலேயே இரவும் தங்கி வேலை செய்ய ஒரு தமிழ்ப் பெண் கிடைத்துவிட்டாள். அம்மாவுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. இங்கே நான் ஒவ்வொரு கிழமையும் வந்து, நீங்கள் எங்களுக்குச் செல்வம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். யாருக்குச் செல்வம்? சிஞ்ஞோராவுக்கா, என் அம்மாவுக்கா? நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்? உங்களை யார் துரத்தியது?"

பேராசிரியையின் முகம் சிவந்துபோனது. "சால்வோ, இது கேள்வி இல்லை. இது காயப்படுத்துவது. உடனே மன்னிப்புக் கேள்," என்றார்.

"இல்லை," என்று அனுஷா எழும்பினாள். "நான் பதில் சொல்லவேண்டும்."

"நீ சொல்லத் தேவையில்லை, கண்ணே."

"எனக்குச் சொல்லவேண்டும். இந்த வருடம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது."

என் மகளின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோசமாக இருந்தாள். பயத்திலும் எனக்குப் பெருமை பொங்கியது, அதை மறைக்க மாட்டேன்.

சால்வோவைப் பார்த்தே சொன்னாள். "உன் அம்மாவின் இடத்துக்கு வந்தது என் அம்மாவாகவும் இருக்கலாம். என் அம்மாவும் இரவில் சிஞ்ஞோரா வீட்டில்தான் தங்கினாள். வந்த புதிதில் எங்களுக்கு யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. நான் அம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்து வளர்ந்தேன். உன் அம்மாவைப் பகலுக்கு வைத்திருந்த சம்பளத்தில் என் அம்மாவை இரவுக்கும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். நீ கோபப்படுவது சரி, ஆனால் ஆளை மாற்றிக் கோபப்படுகிறாய்."

சால்வோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். தலையை ஆட்டினான். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிறுத்தவில்லை.

"யார் துரத்தியது என்று கேட்டாய். குண்டு போட்ட இராணுவம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. என் அப்பா படித்த இடத்தில் கேள்வி கேட்ட அவருடைய நண்பனை எங்கள் ஆட்களே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. என் அப்பா வாயை மூடிக்கொண்டு இங்கே வந்தார். எங்களை இரண்டு பக்கமும் துரத்தியது."

கடைசி வாங்கில் பலகாரப் பெட்டியோடு இருந்த ரவி தலையைக் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்ததை அவன் கண்டான்.

"நன்றி, நன்றி," என்று பேராசிரியை கையைத் தட்டினார். "நாங்கள் எல்லாரும் நெகிழ்ந்துவிட்டோம். இப்போது நடனம்!"

பாட்டுப்பெட்டியை ரவிதான் போட்டான். மூன்று சின்னப் பிள்ளைகள் சதங்கையோடு ஓடி வந்தார்கள்.

5

ஞாயிறு மத்தியானம் ரவி வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். புஷ்பம் வைத்த பற்றிஸை நல்லாயிருக்கு அக்கா என்று சொல்லிச் சாப்பிட்டான். குரலை உயர்த்தவே இல்லை.

"மாஸ்ரர், பிள்ளை வடிவாய்த்தான் கதைச்சவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் வெள்ளையளுக்கு முன்னாலை எங்கடை வீட்டுக்கதையைக் கதைச்சது சனத்துக்குக் கொஞ்சம் மனவருத்தம்."

"சின்னப் பிள்ளை தம்பி. தெரியாமல்..."

"அதுதான் நானும் எல்லாருக்கும் சொன்னனான். பிள்ளைக்கு விளங்கேல்லை, இத்தாலியனிலை வேறை மாதிரி வந்திட்டுது எண்டு. வாற ஞாயிறு மண்டபத்திலை எல்லாரும் நிக்கேக்கை பிள்ளையே எழும்பி அதை ஒருக்காச் சொல்லிவிட்டால் பிரச்சினை முடிஞ்சுது." கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். வாசலில் நின்று, "அங்கை தம்பியவை சுகமோ? இப்பவும் வன்னியிலைதானே?" என்று கேட்டான்.

"ஓம். சுகம்," என்றேன்.

"நல்லது மாஸ்ரர். அப்ப நான் போட்டு வாறன்."

என் தம்பி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள். இயக்கத்தின் பிடியில் இருக்கிற வன்னியில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ரவிக்குத் தெரிந்திருந்தது. அவன் மிரட்டவில்லை என்று நீங்கள் சொல்லலாம், சுகம் விசாரித்தான் என்று. நானும் பல தடவை எனக்கே அப்படிச் சொல்லிப் பார்த்தேன்.

புஷ்பம் கோப்பையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அவளுக்குக் கதைக்கப் பழக்கினது நீங்கள். நிப்பாட்டவும் நீங்களே பழக்குங்கோ. என்னாலை ஏலாது."

நான் எழுதினேன். எழுதுவது ஒன்றும் கடினமாக இருக்கவில்லை, அதுதான் கொடுமை. எனக்குக் கை வந்த கலை. தலைமை தாங்குவோருக்கு வணக்கம், பெரியோருக்கு வணக்கம், அன்றைக்கு மொழித் தவறால் என் வாயில் வந்த சொற்கள் என் கருத்து அல்ல, எங்களைத் துரத்தியது எதிரி ஒருவன் மட்டுமே.

அனுஷா வாசித்தாள். அவள் வெடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தினால் நானும் கத்தலாம், தம்பியைப் பற்றிச் சொல்லலாம், அழலாம் என்று இருந்தேன். அவள் கத்தவில்லை.

"அப்பா, இதுக்கு மறுப்புரையும் எழுதினனீங்களோ?"

"இதுக்கு மறுப்புரை இல்லைப் பிள்ளை."

"சித்தப்பாவுக்காகவோ?"

"ஓம்."

"என்ரை இத்தாலியன் பிழையெண்டும் நானே சொல்ல வேணுமோ?"

அவள் கடதாசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பாடமாக்குகிற சத்தம் கேட்டது.

6

அந்தக் கிழமையே கல்லூரியிலும் ஒரு சடங்கு நடந்தது. சால்வோவை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி அனுஷாவிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அவன் ஒரு தாளைப் பார்த்து வாசித்தானாம். இந்த வகுப்பை அவன் முதலிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும் என்றும் முடிவாம். அனுஷாவுக்குக் கேள்வி கேட்காமலே முழுப் புள்ளி போட்டுவிட்டார் பேராசிரியை. நீ எங்களுக்கு நிறையக் கற்றுத் தந்தாய் என்றாராம்.

இதை அவள் தாயிடம்தான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் பஸ் தரிப்பு வரைக்கும் அவனுக்குப் பின்னால் போயிருக்கிறாள். எனக்கு உன்னில் கோபம் இல்லை, நீ கேட்டதற்கு நான் இன்னும் பாதிதான் சொன்னேன், எங்கேயாவது இருந்து கதைப்போம் என்று சொல்லியிருக்கிறாள். அவன் சுற்றிப் பார்த்திருக்கிறான். "உன்னோடு ஏதும் கதைத்துப் பிழையாகிவிட்டால் எனக்கு மூன்றாம் தடவையும் அந்த வகுப்பு," என்று சொல்லிவிட்டு சியாகுல்லி பஸ்ஸில் ஏறிவிட்டானாம்.

"அவன் பாவம் அம்மா," என்றாள். "அவனுக்கு நான் பதில் சொன்னது அவனுக்குப் பிடிக்கேல்லை. திருப்பிக் கேக்க நிறைய வைச்சிருந்தவன். எனக்குத் தெரியும்."

இரண்டு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் நியாயமாகச் சண்டை பிடிக்க ஆசைப்பட்டார்கள். ஒருவரைக் கல்லூரியில் அன்பினால் அடக்கினார்கள், மற்றவரை நான் அடக்கினேன். அந்தப் பேராசிரியையில் எனக்குக் கோபம் வருகிறது. வந்த உடனே வெட்கமும் வருகிறது. அவர் அடக்கியது வேறு யாருடையவோ பிள்ளையை, நான் அடைத்தது என் மகளின் வாயை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அனுஷா சேலை உடுத்திக்கொண்டு மேடையில் ஏறினாள். ஒரு சொல் தவறவில்லை. எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே கையை விரிக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற எல்லாவற்றையும் செய்தாள். சனம் கைதட்டியது. ரவி கிட்ட வந்து என் கையைப் பிடித்து, "உங்கடை பிள்ளையெல்லோ மாஸ்ரர்," என்றான். சந்தோசமாகவே சொன்னான். இறங்கி வந்த அனுஷா எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள்.

7

அதற்குப் பிறகு மாதங்கள் போய்விட்டன. தம்பி சுகம் என்று ஒருவர் மூலம் செய்தி வந்தது. வழக்கறிஞருக்குக் காலையில் சவரம் செய்கிறேன். ஞாயிறுகளில் நகரமா கிராமமா என்று எழுதிக் கொடுக்கிறேன். குவெஸ்துராவுக்குப் போனோம். யன்னல்காரர் இன்னொரு கடதாசி வேண்டும், நாளைக்கு வா என்றார். அனுஷா "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் நின்ற ஒரு அக்கா, "என்ன பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லையோ?" என்றாள்.

வீட்டில் எனக்குக் கிடைத்த அமைதியை நான் கொண்டாட வேண்டும். தலைக்கு எண்ணெய் வை என்றால் வைக்கிறாள். இந்தச் சட்டை வேண்டாம் என்றால் மாற்றுகிறாள். புஷ்பம் ஒரு கலியாணப் பேச்சை எடுத்தாள், அதற்கும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை திருந்திவிட்டாள் என்று சனம் சொல்கிறது. அவள் கோபத்தோடு இருந்தால்கூட என் மகள் என்னோடு இருக்கிறாள் என்று நினைப்பேன்.

போன கிழமை அவள் உடுப்புகளுக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளுடைய ஒரு ‘மா பப்பா’வைக் கேட்டால் போதும் என்று இருந்தது. இதைச் சொன்னால் கட்டாயம் வெடிப்பாள் என்று நினைத்து, வேண்டுமென்றே, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பிள்ளை, நீ படிச்சது காணும். கல்லூரியை விட்டிட்டு அம்மாவோடை சிஞ்ஞோரா வீட்டுக்கு வேலைக்குப் போ."

அவள் சட்டையின் கையை மடித்து, அதன் மேல் இஸ்திரிக்கையை ஒருதரம் ஓட்டினாள்.

"ஓம் அப்பா. எப்பயிலையிருந்து போகவேணும்?"

"நான் பகிடிக்குச் சொன்னனான் பிள்ளை," என்றேன்.

"ஓம் அப்பா," என்றாள்.